பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மடிக்கணினிகளைக் கழித்துக் கட்டாமல், பல வகைகளில் கிடைக்கும் இலவச இயங்குதளமாகிய லினக்ஸை நிறுவித் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ, மைக்ரோசாப்ட் நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இடம்பெறும் செயலியோ இல்லை என்பதற்காக மட்டுமே ஓரங்கட்டப்படும் கணினிகள் ஏராளமாக உள்ள நிலையில், கட்டுரை தக்க நேரத்தில் வந்திருக்கிறது. அதன் நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. அது பத்து இயங்குதளங்களை வரிசைப்படுத்திய முறையில்தான் மாறுபாடு. எது மிகக் குறைந்த நினைவகத்தில் ஓடுகிறதோ அதற்கே முதலிடம் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு, வரிசையின் உச்சியில் இருப்பதையே புதியவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று கட்டுரை முடிகிறது. கணினிக்குச் சுமை குறைவது வேறு, புதியவருக்குச் சுமை குறைவது வேறு. பல நேரங்களில் முன்னது கூடக்கூடப் பின்னது குறைந்துகொண்டே போகிறது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பணி ஓய்வு பெற்ற என் அண்ணனின் மடிக்கணினி, அதைத் திறந்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம் என்னும் அளவுக்கு மந்தமாகிவிட்டது. 4 ஜிபி நினைவகமும், சுழலும் வகை ஹார்டு டிஸ்க்கும் கொண்ட கணினி அது. எனக்கு லினக்ஸ் ஓரளவு பழக்கம் என்ற துணிச்சலில், முழுவதும் நினைவகத்திலேயே ஏறி நின்று ஓடும் மிகச் சிறிய அமைப்பு ஒன்றை அதில் போட்டு, ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சொடுக்கிய மாத்திரத்தில் எல்லாம் திறந்ததைப் பார்த்து அண்ணன் வியந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் பிற்பகலில், காலை முழுவதும் உட்கார்ந்து தட்டச்சு செய்த கட்டுரையைக் காணவில்லை என்று அழைத்தார். இத்தகைய அமைப்புகள் முதன்முறை அணைக்கப்படும்போது, இதுவரை செய்தவற்றைச் சேமித்து வைக்கக் கோப்பு ஒன்றை உருவாக்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்றால், நினைவகத்தில் இருந்தவை அனைத்தும் கணினி அணையும்போதே போய்விடும். அந்தக் கேள்வியில் கோப்பை எந்தப் பகுதியில் வைப்பது, எவ்வளவு பெரிதாக வைப்பது என்றெல்லாம் இருந்ததைக் கண்டு மிரண்டு, எதையாவது கெடுத்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், அவர் வேண்டாம் என்பதை அழுத்தியிருக்கிறார். பல ஆண்டுகள் விண்டோஸில் பழகியவருக்கு, ஒருமுறை சேமித்த கோப்பு அணைத்ததும் மறைந்துவிடக்கூடும் என்ற ஐயம் எங்கிருந்து வரும்? அந்த அமைப்பின் மேல் குறை சொல்வதற்கில்லை. பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்பதற்கு இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறேன். 4 ஜிபி உள்ள கணினிக்கு, அதில் பத்தில் ஒரு பங்கு நினைவகம் மட்டுமே உள்ள கணினிக்கான மருந்தைக் கொடுத்தது என் பிழை.

ஓர் இயங்குதளம் இலகுவானது என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் குறிப்பது, கணினி திறந்து முகப்புத் திரை வந்து சும்மா நிற்கும்போது அது பிடித்துவைத்திருக்கும் நினைவகத்தின் அளவைத்தான். மிகச் சிறிய அமைப்புகள் அந்நிலையில் ஏறத்தாழ 200, 300 எம்பி எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற முழுமையான முகப்புச் சூழலோடு வருபவை 600 முதல் 900 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். 1 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் இந்த வேறுபாடு வாழ்வா சாவா என்பது போன்றது. 4 ஜிபி உள்ள கணினியிலோ, உலாவியைத் திறந்து மின்னஞ்சலையும் காணொளித் தளம் ஒன்றையும் செய்தித் தளம் ஒன்றையும் மூன்று தாவல்களில் வைத்ததுமே அது கரைந்துவிடுகிறது. இன்றைய இணையப் பக்கம் ஒன்றே சில நூறு எம்பி கேட்கக்கூடியது. கீழே ஓடுவது எந்த இயங்குதளமாக இருந்தாலும் உலாவி தான் கேட்பதைக் கேட்காமல் விடுவதில்லை. மிகச் சிறிய அமைப்புகளோடு வரும் சிறிய உலாவிகளில் பல தளங்கள் சரியாகத் திறப்பதில்லை என்பதால், புதியவர் கடைசியில் ஃபயர்பாக்ஸையோ குரோமையோதான் நிறுவிக்கொள்வார். எளிய முகப்பையும் தானியங்கி வசதிகளையும் விட்டுக்கொடுத்து மிச்சம் பிடித்த நினைவகம் அத்தோடு போயிற்று.

கட்டுரையில் ஒரு வரிகூட இடம்பெறாத ஹார்டு டிஸ்க்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு. தேவையான தரவு இருக்கும் இடத்துக்கு அதன் முனை நகர்ந்து, தட்டும் சுழன்று வந்து சேர ஒவ்வொரு முறையும் பத்து மில்லிவினாடிக்கு மேல் ஆகிவிடும்; அசையும் பாகமே இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி அதையே ஒரு மில்லிவினாடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் முடித்துவிடுகிறது. இயங்குதளம் திறப்பதும் மென்பொருள்கள் திறப்பதும் இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிப்பதுதான் என்பதால், மந்தம் என்று நாம் நொந்துகொள்வதில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. நினைவகம் நிரம்பி வழியும்போது மிகுதியைத் தற்காலிகமாக டிஸ்க்கில் இறக்கி வைப்பதும் இதே தட்டில்தான் நடக்கிறது. கணினி உறைந்துபோனது போல் நிற்பது அப்போதுதான். சாட்டா இணைப்பு கொண்ட 2.5 அங்குல எஸ்எஸ்டி, பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் அந்த டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும். சிக்கனமான இயங்குதளத்தைத் தேடி நாள்கணக்கில் அலைவதைவிட, இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு வசதியான இயங்குதளம் ஒன்றைப் போடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. வாய்ப்பிருந்தால் நினைவகத்தையும் 4 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக உயர்த்தலாம். ஆனால் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, செயலி புதிய 64 பிட் வகையா, பழைய 32 பிட் வகையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பட்டியலையும் பார்ப்பதில் பயனில்லை. விண்டோஸின் அமைப்புகளில் கணினியைப் பற்றிய பக்கத்தில் இது தெரியும். அங்கே இயங்குதளம் 32 பிட் என்று இருந்தாலும் செயலி 64 பிட் என்று இருப்பது உண்டு. அத்தகைய கணினி புதிய லினக்ஸ் பதிப்புகளை ஏற்கும் என்பதால், முதல் வரியைப் பார்த்தே மனம் தளர வேண்டியதில்லை. செயலியே 32 பிட் என்றால் நிலைமை வேறு. லினக்ஸ் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட் 2020-இல் வந்த தன் 20-ஆம் பதிப்பிலேயே 32 பிட்டைக் கைவிட்டது; மற்றொரு வகையான டெபியனின் 2025 ஆகஸ்டில் வெளியான 13-ஆம் பதிப்பு, 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திக்கொண்டது; 32 பிட் லினக்ஸுக்கான குரோம் 2016-இலேயே நின்றுபோக, ஃபயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு விடைபெற்றது. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 போன்ற சிறிய லினக்ஸ் வகைகள் இன்னும் அக்கணினிகளில் ஓடும்தான். அவற்றை இணையத் தொடர்பு இல்லாமல் எழுதவும் பாட்டுக் கேட்கவும் வைத்துக்கொள்ளலாம். உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வற்றிவரும் கணினியில் பணப்பரிமாற்றம் செய்யுமாறு ஒருவருக்கும் நான் சொல்லமாட்டேன். கட்டுரையின் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவை உண்மையில் இந்த வகைக் கணினிகளுக்கு உரியவை. அதைக் குறிப்பிடாமல் எல்லோருக்கும் பொதுவாகப் பரிந்துரைத்ததுதான் குழப்பம்.

அப்படியானால் 64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் உள்ள கணினியில், லினக்ஸையே பார்த்திராத ஒருவருக்கு எதைப் போடுவது என்று கேட்டால், லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்றே சொல்வேன். குறைந்தது 2 ஜிபி, வசதியாக இருக்க 4 ஜிபி என்றும், டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபி இடம் வேண்டும் என்றும் அதை உருவாக்குபவர்களே குறிப்பிடுகிறார்கள். இடப்பக்க மூலையில் பட்டியல், கீழே பணிப்பட்டை, வலப்பக்கம் கடிகாரமும் வைஃபை குறியும் என்று விண்டோஸில் பழகிய கண்ணுக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். புதிய திருத்தங்கள் வந்தால் ஒரு சிறு குறி காட்டும். சொடுக்கினால் போதும், கட்டளை எதையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை. கூடவே வரும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை முதல் நாளே அமைத்துவிட்டால், ஏதேனும் திருத்தம் கணினியைக் குழப்பிவிடும்போது முந்தைய நாளின் நிலைக்குத் திரும்பிவிடலாம். (அது இயங்குதளத்தின் கோப்புகளைக் காப்பதற்கானது; நம் படங்களையும் ஆவணங்களையும் தனியாக நகலெடுத்து வைக்கத்தான் வேண்டும்.) இதே மின்டின் சின்னமன் பதிப்பு பார்வைக்கு இன்னும் அழகானது, 8 ஜிபி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

2 ஜிபி மட்டுமே உள்ள கணினிக்கு எல்எக்ஸ்க்யூடி முகப்போடு வரும் லுபுண்டு பொருந்தும். ஆனால் பட்டியல்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். லுபுண்டு, பரவலாகப் பயன்படும் லினக்ஸ் வகையான உபுண்டுவின் கிளை அமைப்பு. அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கே மூன்று ஆண்டுகள்தான் ஆதரவு கிடைக்கும். ஆகவே 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்பு 2027 ஏப்ரலோடு முடிந்துவிடும். அதே உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்ட மின்ட் 22 வரிசைக்கோ 2029 வரை திருத்தங்கள் வரும். ஒருமுறை நிறுவிக் கொடுத்துவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கு, முகப்பு எவ்வளவு சிக்கனமானது என்பதைக் காட்டிலும் இந்த இரண்டு ஆண்டு இடைவெளி பெரிது.

உலாவியைத் தவிர வேறொன்றும் தேவையில்லை என்பவர்கள் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் என்ற இயங்குதளத்தையும் எண்ணிப் பார்க்கலாம். அதற்கு 4 ஜிபி நினைவகமும் 16 ஜிபி இடமும் போதும். கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. எனினும் அது டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டே நிறுவப்படும், கூகுள் கணக்கைச் சார்ந்து இயங்கும், ஆண்ட்ராய்டு மென்பொருள்களை ஏற்காது; கூகுள் சான்றளித்த மாதிரிகளுக்கும் ஆதரவு முடியும் ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். இணையம் இல்லாத வேளையில் எழுதி வைக்கும் பழக்கமுள்ளவருக்கு நான் இதைத் தரமாட்டேன். விண்டோஸையே யாரோ வெட்டிச் சுருக்கி 'லைட்' என்று பெயரிட்டு இணையத்தில் சுற்றவிடும் பதிப்புகளைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்றுதான்: அவற்றுள் எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

மைக்ரோசாப்ட் ஆஃபிஸின் கணினிப் பதிப்பு, மின்னணுக் கையொப்பத்துக்கான யூஎஸ்பி சாதனம், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்குப்பதிவு மென்பொருள் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் இந்த மாற்றத்தில் அவசரப்பட வேண்டாம் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். ஆஃபிஸுக்கு மாற்றாக லினக்ஸில் உள்ள லிப்ரே ஆஃபிஸ் பெரும்பாலான ஆவணங்களைத் திறக்கும். ஆனால் நுணுக்கமாக வடிவமைத்த பக்கங்கள் சற்று இடம் மாறித் தெரியலாம். அத்தகையவர்கள் எஸ்எஸ்டி மட்டும் மாற்றிக்கொண்டு, விண்டோஸ் 10-க்குத் தனிப்பட்ட பயனர்களுக்கென 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்டிருக்கும் நீட்டிப்புப் பாதுகாப்புத் திருத்தங்களோடு தொடரலாம்.

எதைத் தேர்ந்தாலும், நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க லினக்ஸ் இடம் தருகிறது. இதைவிடப் பெரிய வசதி புதியவருக்கு வேறில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருளைக் கொண்டு மின்டை ஏற்றி, கணினியைத் திறக்கும்போது எஃப்12 போன்ற உரிய விசையை அழுத்தி அதிலிருந்து தொடங்கினால் போதும். டிஸ்க்கில் இருப்பதை அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் ஒளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, வீட்டிலுள்ள அச்சுப்பொறி வேலை செய்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். பிராட்காம் வைஃபை சில்லு உள்ள சில பழைய கணினிகளில் முதலில் இணைப்பு கிடைக்காமல் போகலாம். அப்போது கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, மின்டின் டிரைவர் மேலாளரிலிருந்து உரிய இயக்கியை நிறுவிவிடலாம். பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகத்தான் தெரியும் என்பதால் வேகத்தை அப்போது எடைபோடக் கூடாது. அந்த நிலையில் எழுதியவை எதுவும் அணைத்த பின் மிஞ்சாது என்பதையும், என் அண்ணனின் பொருட்டு, அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸையும் போட விரும்புபவர்கள், டிஸ்க் விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் கோப்புகளைத் திரும்பப் பெற வழியே இல்லை. நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த கணினியில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். பலகையில் உள்ள சிறு பொத்தான் பேட்டரி தீர்ந்துபோய், தேதி பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் செல்லாது என்பதால் உலாவி ஒவ்வொரு தளத்தையும் ஆபத்தானது என்று மறுக்கும். புதியவரோ லினக்ஸே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார். தேதியைத் திருத்தி, அந்த பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

தமிழ் நாளிதழில் வந்த கட்டுரை தமிழ்த் தட்டச்சைப் பற்றிப் பேசாமல் விட்டது எனக்கு வியப்பளித்தது. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்கள், விசைப்பலகைப் பட்டியலில் உள்ள தமிழ்99 அமைப்பை நேரடியாகச் சேர்த்துக்கொண்டால் எழுத்துகள் வரும். ஆனால் தேவையான இடத்தில் தானாகப் புள்ளி விழும் வசதி அதில் கிடைக்காது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும், பல மொழிகளின் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவி, அங்கிருந்து தமிழ்99-ஐத் தேர்ந்தால் முறையாக அமையும். ஆங்கில ஒலிப்பு முறையில் எழுதுபவர்களுக்கும், பழைய தட்டச்சுப் பொறி முறையில் பழகியவர்களுக்கும் உரிய அமைப்புகள் அதிலேயே உள்ளன. யூனிகோடுக்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதி வைத்த ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் விண்டோஸிலிருந்து மறவாமல் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். மிகச் சிறிய அமைப்புகளில் இவற்றை அமைப்பதற்குள் எனக்கே ஒரு மாலைப்பொழுது போனது என்றால், புதியவரின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மேலாக நான் பார்ப்பது, சிக்கல் வந்தால் அவர் யாரை அழைப்பார் என்பதை. உறவிலோ நட்பிலோ ஒருவர் உபுண்டு பயன்படுத்துகிறார் என்றால், அது நினைவகத்தைச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டாலும், கணினி தாங்குமானால் அதையே புதியவருக்கும் போடச் சொல்வேன். திரையில் என்ன தெரிகிறது என்று தொலைபேசியில் கேட்டு வழிகாட்ட, இருபுறமும் ஒரே முகப்பு இருப்பது அவ்வளவு உதவி. என் அண்ணனின் கணினியில் எஸ்எஸ்டி மாற்றி, நானும் பயன்படுத்தும் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது அது முதலில் போட்ட அமைப்பைவிடச் சில வினாடிகள் தாமதமாகத்தான் திறக்கிறது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அச்சுப்பொறியில் தாள் சிக்கியதற்குத்தான் சென்ற மாதம் அழைத்தார்.

இந்தப் பொருளில் மீண்டும் பட்டியல் வெளியிடுவதாக இருந்தால், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதை உருவாக்குபவர்கள் பரிந்துரைக்கும் நினைவக அளவு, 32 பிட் செயலியை ஏற்குமா என்பது, ஆதரவு முடியும் ஆண்டு, தமிழ்த் தட்டச்சை அமைக்கும் வழி ஆகிய நான்கையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்